மெழுகு சொல்லும் கணக்கு

"ஒரு முழப் பட்டுக்கு இத்தனை விலையா?" என்று கேட்கிறார் கனவான். கேட்கட்டும்! பாத்திக் செய்பவன் சார்பில் நாம் பதில் சொல்கிறோம்.

உருக்கிய மெழுகால் பட்டில் சித்திரம் தீட்ட வேண்டும். மெழுகு பட்ட இடம் சாயம் ஏற்காது. சூடு குறைந்தால் மெழுகு மேலேயே உறையும். மிகுந்தால் கோடு தாண்டி ஓடும். சாயமோ ஆறியிருக்க வேண்டும். சுட்டால் மெழுகு உருகிவிடும். உறைந்த மெழுகைக் கசக்கினால், விரிசல் வழியே நிறம் புகுந்து நரம்பாய் ஓடும். எந்த நரம்பு எங்கே ஓடும்? செய்தவனே அறியான்! பழைய செய்தித்தாள்களுக்கிடையே வைத்து (நம் ஏடும் அதற்கு உதவும், தோழர்களே!) இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து மெழுகை எடுத்த பிறகே தெரியும். புதுமுயற்சி பொய்த்தால்? பட்டும் போயிற்று, பட்ட பாடும் போயிற்று!

பொழுதுபோக்கா இது? 1966-இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை எழுப்பினார்களே, ஓவியக் கல்லூரி முதல்வர் பணிக்கரும் அவர் மாணவர்களும், எந்தப் பிரபு தந்த கொடை அது? பாத்திக் முதலான கைவினைப் பொருள்களை விற்ற காசில் வாங்கிய மண்!

இன்றோ மெழுகே தொடாத துணியில் அந்த நரம்பையும் அச்சடித்துத் தள்ளுகிறது இயந்திரம். அந்த விலைக்கே இதையும் கேட்கும் கனவானே, கெட்டுப்போன பட்டுகளின் கணக்கை யார் தலையில் எழுதப் போகிறீர்?