டிரைவர்ல ரெண்டு பாதி: 'வெர்ஷன் மிஸ்மேட்ச்' வந்தா பதறாதீங்க

இன்னைக்குச் சின்ன எபிசோட்தான். ஆனா லினக்ஸ் டெஸ்க்டாப்ல என்விடியா கார்டு வச்சிருக்கிறவங்களுக்கு என்னைக்காவது ஒருநாள் இது தேவைப்படும்.

ஃப்ரெண்டோட ஷார்ட் ஃபிலிம், சாயங்காலம் ஸ்க்ரீனிங். முந்தின ராத்திரி என் உபுண்டு மெஷின்ல, பிளெண்டர்ல ரெண்டர் போட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில ஏழு மணிக்கு எழுந்து, கார்டு எப்படி இருக்குன்னு பார்க்க 'என்விடியா எஸ்எம்ஐ' கமாண்டை அடிச்சா, 'டிரைவர், லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்'னு எரர். கை நடுங்கிடுச்சு. எல்லா என்விடியா பேக்கேஜையும் அழிக்கிற கமாண்டை டைப்பே பண்ணிட்டேன். என்டர் மட்டும் தட்டல.

நல்லவேளை. ஏன்னா எதுவுமே கெட்டுப்போகல.

டிரைவர்னு நாம ஒண்ணா சொல்றது உண்மையில ரெண்டு பாதி. ஒண்ணு கர்னல் மாட்யூல். பூட் ஆகும்போது மெமரியில ஏறி உட்கார்ந்துக்கும். இன்னொண்ணு டிஸ்க்ல இருக்கிற லைப்ரரி. ஒவ்வொரு ப்ரோக்ராமும் தொடங்கும்போது அதை எடுத்துக்கும். கடைசி நம்பர் வரைக்கும் ரெண்டும் ஒத்துப்போகணும். உபுண்டுல 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' விடியக்காலையில தானா அப்டேட் போடும். அப்போ டிஸ்க்ல லைப்ரரி புதுசாயிடும், மெமரியில மாட்யூல் பழசாவே இருக்கும். பெரிய வேலை ஓடுற ராத்திரி அதை நிறுத்தி வைக்காதது என் தப்புதான்.

அப்போ ரெண்டர் ஏன் நிக்கல? அது அப்டேட்டுக்கு முன்னாடியே பழைய லைப்ரரியை எடுத்துக்கிச்சு. புதுசா தொடங்குற ப்ரோக்ராம்தான் மாட்டும். அதனால ஓடுற வேலையைக் கொல்லாதீங்க, முடியட்டும்.

எப்படி உறுதி பண்றது? ப்ராக் ஃபோல்டர்ல டிரைவர், அதுக்குள்ள என்விடியா, அதுக்குள்ள வெர்ஷன்னு ஒரு ஃபைல் இருக்கும். மெமரியில ஏறியிருக்கிற நம்பர் அதுல தெரியும். 'மாட்இன்ஃபோ என்விடியா' டிஸ்க்ல இருக்கிற நம்பரைக் காட்டும். எனக்கு 535.129, 535.146னு வந்துச்சு. இப்படி வந்தா மருந்து ரீபூட்தான். ரீபூட் இல்லாம மாட்யூலைக் கழட்டி மாட்டலாம். ஆனா டெஸ்க்டாப்பே அதைப் பிடிச்சிருக்கிறதால முதல்ல ஸ்க்ரீனை மூடணும். அதுக்கு ரீபூட்டே மேல்.

ரீபூட் பண்ணியும் அதே எரரா? பூட் இமேஜ்ல பழைய மாட்யூல் தங்கியிருக்கலாம், 'அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ்' ஓட்டுங்க. இல்லைன்னா முன்னாடி டவுன்லோட் பண்ணிப் போட்ட 'ரன்' ஃபைலும் ஏபிடி பேக்கேஜும் கலந்திருக்கலாம். ஏதாவது ஒண்ணை வச்சுக்கோங்க. 'டிரைவரோட பேசவே முடியல'ங்கிற எரர் வேற. அதுக்கு 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்', கர்னல் ஹெடர்ஸ், செக்யூர் பூட் மூணையும் பாருங்க.

பெரிய வேலைக்கு முன்னாடி டிரைவர் பேக்கேஜ்களை 'ஏபிடி மார்க் ஹோல்ட்' பண்ணுங்க. முடிஞ்சதும் மறக்காம எடுத்துடுங்க. இல்லைன்னா செக்யூரிட்டி அப்டேட்டும் வராது.

மதியம் ரெண்டர் முடிஞ்சுது. ரீபூட் பண்ணேன், எரர் போச்சு. சாயங்காலம் படமும் ஓடிச்சு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.