உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடியைக் கவ்வும் குட்டிக் கிளிப்!

வேதியியல் லேபில் குடுவைக் கழுத்தில் ‘24/29’ என்று போட்டிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? தேதி இல்லீங்க! கண்ணாடிகளை இணைக்கும் தேய்த்த மூட்டின் அகன்ற முனை 24 மில்லிமீட்டர், நீளம் 29 மில்லிமீட்டர்!

அமெரிக்காவில் அது 24/40. இரண்டையும் மாட்டிப் பாருங்கள், பொருந்திவிடும்! எல்லாவற்றுக்கும் ஒரே சரிவு: 10 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் ஒடுங்கும்!

மாட்டிய மூட்டு கழன்று விழாமல் பிடித்துக்கொள்வது எது? இரண்டு விரலால் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப்! பெயர் கெக் கிளிப். அது இல்லாத காலத்தில் கண்ணாடியிலேயே கொக்கி வைத்து, ஸ்பிரிங் மாட்டினார்கள். ரப்பர் பேண்டும் போட்டார்கள்!

கிளிப்பில் அளவைத் தேட வேண்டாம், நிறத்தைப் பாருங்கள்! 14-க்கு மஞ்சள், 19-க்கு நீலம், 24-க்குப் பச்சை, 29-க்குச் சிவப்பு!

கிளிப்பின் ஒரு வாய் பெரிது, மறு வாய் சிறிது. தலைகீழாகப் போட்டால் கவ்வவே கவ்வாது! (முதல் நாள் எல்லாரும் தலைகீழாகத்தான் போடுவார்கள்.)

கிளிப் பாலிஆக்ஸிமெத்திலீன் என்ற பிளாஸ்டிக். கிதார் மீட்டும் வில்லைகூட அதில் உண்டு! ஆனால் சூடு ஆகாது. சுமார் 175 டிகிரி செல்சியஸில் உருகியே போகும், இளகுவது அதற்கும் முன்பே! புரோமின் ஆவி பட்டாலும் கெட்டுவிடும். அங்கெல்லாம் ஸ்டீல் கிளிப்தான்!

நிறைந்த பெரிய குடுவையைக் கிளிப்பை மட்டும் நம்பித் தொங்கவிடுவீர்களா? விடாதீர்கள்! அடியில் தாங்கல் வேண்டும்!

உள்ளே வெற்றிடமா? காற்றே கிளிப்! 24 மில்லிமீட்டர் வாயை வெளிக்காற்று அழுத்தும் விசை சுமார் நாலரைக் கிலோ எடை! அதே காற்று ஒரு லிட்டர் உருண்டைக் குடுவையை எல்லாப் பக்கமும் சேர்த்து அழுத்துவது சுமார் அரை டன்! கீறல் விழுந்த குடுவையை ஏன் தூக்கிப் போடுகிறார்கள், புரிகிறதா?

காஸ்டிக் சோடா கரைசல் மூட்டில் தங்கினால் கண்ணாடியையே அரிக்கும். பிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டு அசையாது! வெளிமூட்டை மட்டும் சூடாக்குவார்கள். அது விரிய, உள்மூட்டு விடுபடும்!

ஒட்டாமலிருக்க மூட்டில் சிலிக்கோன் கிரீஸைக் கொஞ்சம் தாராளமாகத் தடவிவிட்டீர்களா? ஒளிக்கவே முடியாது! உங்கள் சேர்மத்தோடு கரைந்து வந்து, என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) படத்தில் தனிக் கோடாக நிற்கும். எங்கே? குளோரோஃபார்மில் 0.07 பி.பி.எம்.!