முத்தக் காட்சியில் 'நேச்சுரலா பண்ணுங்க' என்று சொன்னால் போதுமா? 'இன்டிமசி கோஆர்டினேட்டர்' என்ன செய்வார்?

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீடு. கூடத்தில் பாதியைத் தறியே அடைத்திருக்கிறது. மிச்ச இடத்தில், புதுசாகக் கல்யாணமான ஜோடி நெருங்கி வருவது போல ஒரு காட்சி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடிகருக்கு 24 வயது, நடிகைக்கு 22. ரெண்டு பேருக்கும் முதல் படம். கேமரா, லைட், மைக், மேக்கப் என்று உள்ளே இருபது பேர். ஜன்னலுக்கு வெளியே தெருவே திரண்டு நிற்கிறது, கையில் மொபைலோடு.

இந்த இடத்தில் "கூச்சப்படாம, நேச்சுரலா பண்ணும்மா" என்று சொல்லிவிட்டு 'ஆக்‌ஷன்' சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. சண்டைக் காட்சிக்கு யாராவது அப்படிச் சொல்வார்களா? ஸ்டன்ட் மாஸ்டர் வருவார், எந்த அடி எங்கே விழும் என்று ரிகர்சல் பார்ப்பார். காதல் காட்சிக்கு மட்டும் ஏன் ஆளே இல்லை?

சொல்லாமல் எடுத்த முத்தம்

கே.பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' 1986-ல் வந்தது. அருவியில் குதிப்பதற்கு முன் கமல்ஹாசன் தரும் முத்தம் இன்றைக்கும் பேசப்படுகிறது. ஆனால், அந்த முத்தம் பற்றித் தனக்கு முன்கூட்டியே சொல்லப்படவில்லை என்று நடிகை ரேகா பல ஆண்டுகள் கழித்துப் பேட்டியில் சொன்னார். 2020-ல் அந்தப் பேட்டி சமூக வலைதளங்களில் மறுபடியும் வைரலானது. படம் வந்தபோது அவர் டீன் ஏஜ் பெண். காட்சி அழகாக வந்திருக்கிறது, கதைக்குத் தேவைப்பட்டது என்பதெல்லாம் சரிதான். அவரிடம் கேட்டார்களா என்ற கேள்விக்கு அது பதில் இல்லையே!

நம்ம ஊர் மட்டும் இல்லை. 1972-ல் வெளியான 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' படத்தின் பலாத்காரக் காட்சியில் ஒரு முக்கிய விவரத்தை மரியா ஷ்னைடரிடம் மறைத்ததை இயக்குநர் பெர்டோலூச்சியே பின்னாளில் ஒப்புக்கொண்டார். நடிகையாக இல்லாமல் ஒரு பெண்ணாக அவர் அதிர வேண்டும் என்று நினைத்தாராம். நடிக்கத்தானே கூப்பிட்டீர்கள்?

2024 ஆகஸ்ட்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கையில் வரும் சம்பவம் இன்னும் கொடுமை. தன்னிடம் தவறாக நடந்துகொண்டவரோடு, மறுநாளே மனைவியாகக் கட்டிப்பிடித்து நடிக்க வேண்டிய நிலை ஒரு மலையாள நடிகைக்கு. முகத்தில் வெறுப்பு தெரிந்ததால், ஒரே ஷாட்டுக்கு 17 டேக் போயிருக்கிறது. திட்டு வாங்கியதும் அவர்தான்.

அந்தத் தறி வீட்டில் என்ன மாறும்?

இன்டிமசி கோஆர்டினேட்டர் என்பவர் ஏறக்குறைய ஸ்டன்ட் மாஸ்டர் மாதிரி. 2018-ல் 'தி டியூஸ்' தொடருக்காக அலிசியா ரோடிஸை ஹெச்.பி.ஓ. நியமித்த பிறகு இந்த வேலை பிரபலமானது. இந்தியாவில் ஆஸ்தா கன்னா இதற்கென முறையாகப் பயிற்சி பெற்றவர். 2022-ல் வந்த 'கெஹ்ராயியான்' இந்திப் படத்தில் தார் காய் 'இன்டிமசி டைரக்டர்' என்றே டைட்டிலில் இடம்பெற்றார்.

இவர் வந்தால் வேலை ஷூட்டிங்குக்குப் பல நாள் முன்பே ஆரம்பித்துவிடும். ஸ்கிரிப்ட்டில் 'இருவரும் நெருங்குகிறார்கள்' என்று ஒரு வரி இருந்தால், அதைப் பிரித்துக் கேட்பார். கை தோளிலா, இடுப்பிலா? முத்தம் உண்டா? எத்தனை நொடி? சேலைத் தலைப்பு எதுவரை விலகும்? ரெண்டு பேரிடமும் தனித்தனியாகத்தான் கேட்பார். இயக்குநர் பக்கத்தில் நின்றால் புதுமுகம் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் என்பது யாருக்குத் தெரியாது? ஒத்துக்கொண்டது, ஒத்துக்கொள்ளாதது ரெண்டும் ஒப்பந்தத்தோடு எழுத்தில் சேரும்.

அடுத்து ரிகர்சல். தலை திரும்புவது, மூச்சு வாங்குவது, கை நகர்வது என்று டான்ஸ் ஸ்டெப் போல ஒவ்வொன்றாக. உடல்கள் நேராகப் படாமல் இருக்க நடுவே சின்ன குஷன், தோல் நிற உடை. ஷூட்டிங் அன்று தேவையானவர்கள் மட்டும் உள்ளே. மானிட்டரை எல்லோரும் பார்க்க முடியாது. மொபைல்கள் வெளியே போகும், ஜன்னலுக்குத் திரை விழும். நேற்று சரி என்றவர் இன்று வேண்டாம் என்றால், காட்சி மாறும்.

இவ்வளவு பிளான் பண்ணினால் உணர்ச்சி செத்துப்போகாதா என்று சில இயக்குநர்கள் கேட்பார்கள். அடுத்த கை எங்கே வரும் என்று பயந்துகொண்டிருப்பவரால் காதலை முகத்தில் கொண்டுவர முடியுமா? அந்த 17 டேக்கை நினைத்துப் பாருங்கள்.

பட்ஜெட் இல்லையே?

சின்ன படங்களுக்குத் தனி ஆள் போடுவது கஷ்டம்தான். ஆனால், முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வதற்கும், கூட்டத்தை வெளியே அனுப்புவதற்கும் காசு வேண்டாம். 18 வயது நிறையாதவர்கள் விஷயத்தில் பேரம் பேசவே இடமில்லை. அவர்களைப் பாலியல் நோக்கில் படமாக்கினால் 2012-ன் போக்சோ சட்டம் பாயும். பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பாயும்.

எல்லை மீறப்பட்டால் எங்கே போவது? ஒவ்வொரு படத்தின் தயாரிப்புக் குழுவும் ஒரு பணியிடம்தான், அங்கே உள்ளகப் புகார் குழு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொன்னது. 2013-ம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவான யூனிட் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், குழு இன்னும் 3 மாதம் அவகாசம் தரலாம்.