கால் மைல் பந்தயத்திற்கு ஒரு பழைய காடி

தோட்டத்து லோரி சேற்றில் மாட்டிக்கொண்டதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஓட்டுநர் எண்ணெயை மிதிக்கிறார். எஞ்சின் உறுமுகிறது. பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்று சேற்றை வாரி இறைக்கிறது, வண்டியோ நகர்வதில்லை. அப்பொழுது நாலு பேரைப் பின்தட்டில் ஏறி நிற்கச் சொல்கிறோம். பாரம் பின்சக்கரத்தின் மேல் இறங்கியதும் சக்கரம் மண்ணைக் கவ்விக்கொள்கிறது, வண்டி புறப்படுகிறது. நேயர்களே, இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அமெரிக்கர்களின் கால் மைல் பந்தயம். அந்தப் பந்தயத்திற்காக ஒரு பழைய காடியை வீட்டுக் கொல்லையிலேயே பிரித்து மாற்றிக் கட்டும் வேலை. அந்த வேலையின் பாதி ரகசியம் இந்தச் சேற்று லோரியிலேயே அடங்கிக் கிடக்கிறது.

பந்தயம் மிக எளிது. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. நேரான தடத்தில் இரண்டு காடிகள் அருகருகே அசையாமல் நிற்க வேண்டும். அடையாளம் கிடைத்ததும் பாய வேண்டும். 402 மீட்டர் தூரத்தை முதலில் கடப்பவர் வென்றவர். தொடக்க காலத்தில் ஒருவர் நடுவே நின்று கொடியை அசைத்துத் தொடங்கி வைப்பார். 1963-இல் விளக்குக் கம்பம் வந்தது. மஞ்சளும் பச்சையுமாக விளக்குகள் அடுக்கடுக்காக எரிவதால் அதற்குக் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய போர்ட் காடிகளை ஓட்டி வேகம் பார்த்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் தெருக்களிலேயே ஓட்டத் தொடங்கினார்கள். விபத்துகள் நடந்தன, போலீஸ் விரட்டியது, ஊரார் வெறுத்தார்கள். 1950-இல் சாந்தா அனா விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றில் கட்டணம் வாங்கிப் பந்தயம் நடத்தினார்கள். மறு ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய அளவில் ஒரு சங்கத்தையே நிறுவினார். விதிகளும் பரிசோதனையும் அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வந்தன.

எந்தக் காடியை எடுத்துக்கொண்டு பேசுவது? நம் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பழக்கமான பெயர் ஒன்று உண்டு: ஆங்கிலியா. போர்ட் காடிகள் நமக்குப் புதியவை அல்ல. சிங்கப்பூர் புக்கித் தீமாவில் 1941-இல் எழுந்த போர்ட் ஆலையில், போருக்குப் பின் 1980 வரை காடிகள் பூட்டப்பட்டு வந்தன. ஆங்கிலியா இங்கிலாந்தில் பிறந்த சிறிய, சாதுவான வண்டி. 1948-இல் வந்த மாதிரிக்கு 933 கன சென்டிமீட்டர் எஞ்சின், 23 குதிரைத்திறன். எவ்வளவு மிதித்தாலும் மணிக்கு நூறு கிலோமீட்டரை எட்டாது. இந்தப் பரம சாதுவைத்தான் 1960-களில் அமெரிக்கர்கள் பந்தயக் குதிரையாக்கினார்கள். எடை சுமார் 750 கிலோதான் என்பது ஒரு காரணம். அந்நாட்டில் அதை விரும்பி வாங்குவார் அதிகம் இல்லாததால் பழையது மலிவாகக் கிடைத்தது என்பது இன்னொன்று.

புதிதாக இறங்குகிற இளைஞன் முதலில் எஞ்சினைத்தான் வாங்குவான். நம்மைக் கேட்டால் எஞ்சின் கடைசியில் வர வேண்டிய பொருள். 23 குதிரைத்திறனுக்கென்று செய்த சட்டத்தில் அதைப் போல் பத்து மடங்கு வலுவை ஏற்றினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு திறக்காது, பின் அச்சு ஒடியும். எனவே அனுபவசாலிகள் காடியின் கூட்டைத் தனியே தூக்கி வைத்துவிட்டு, கீழ்ச்சட்டத்தைக் குழாய் இரும்பு கொண்டு பற்றவைத்து வலுப்படுத்துவார்கள். பிறகு பெரிய காடியொன்றின் பின் அச்சை வாங்கி, இரு பக்கமும் வெட்டிச் சுருக்கி, ஆங்கிலியாவின் அகலத்திற்குப் பொருத்துவார்கள். இந்த வெட்டு ஒட்டு வேலையில் ஒரு மயிரிழை கோணினாலும் சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு திசை பார்க்கும். வீட்டில் மற்ற எந்த வேலையைச் செய்தாலும் இதை மட்டும் கடைசல் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது எடை. நம் லோரியில் நாலு பேர் பின்தட்டில் ஏறினார்கள் அல்லவா? இங்கே ஆளுக்குப் பதில் பாட்டரி ஏறுகிறது. முன்னால் இருந்த பாட்டரியைக் கழற்றிப் பின்பெட்டியில் வைப்பார்கள். எஞ்சினையே பின்னுக்குத் தள்ளி வைப்பதும் உண்டு. முன்பக்கத்து இரும்பு மூடியைக் கழற்றிக் கண்ணாடி இழையால் செய்த மூடியைப் போடுவார்கள். இருக்கை, தரைவிரிப்பு, ஹீட்டர் எல்லாம் வெளியே போய்விடும். காடி பாயும்போது பாரம் தானாகவே பின்னால் சாயும் என்பதால் முன்பக்கத்தை உயரத் தூக்கி நிறுத்துவதும் அந்நாளில் வழக்கமாக இருந்தது. சிலர் அளவுக்கு மீறித் தூக்கவே, கிராங்குத் தண்டு தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி போட வேண்டியதாயிற்று. உயரத் தூக்கிய காடி நிலைகொள்ளாமல் ஆடும் என்பதைப் பலரும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

டயரைப் பற்றிக் கித்தா மரத்தோடு வாழ்ந்த நமக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. சாதாரண டயரில் உள்ள வரிகள் மழைத் தண்ணீரையும் சேற்றையும் வெளியேற்றத்தான். காய்ந்த தடத்தில் மட்டும் ஓடும் காடிக்கு வரி எதற்கு? வரியே இல்லாத வழுக்கை டயர், மிருதுவான ரப்பர், காற்றும் குறைவு. தொடக்கத்தில் தேய்ந்த டயர்களுக்கு மேல் மிருதுவான ரப்பரை வார்த்து ஒட்டினார்கள். நம் லோரி டயருக்கு மறுவார்ப்புச் செய்கிறோமே, அதே கதைதான். மிருதுவான ரப்பர் தரையை நன்றாகப் பற்றும். ஆனால் விரைவில் தேயும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

இப்பொழுது எஞ்சின். 1955-இல் செவ்ரோலே நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வெளியிட்டது. 4.3 லிட்டர், 162 குதிரைத்திறன், எடை சுமார் 260 கிலோ. அந்தக் காலத்து எட்டு சிலிண்டர்களில் அது இலேசானது, மலிவானது, உதிரிபாகம் எங்கும் கிடைப்பது. கொல்லைப்புற மெக்கானிக்குகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. கார்புரேட்டரை மாற்றுவது, வால்வைத் திறந்து மூடும் தண்டை மாற்றுவது, புகைபோக்கியை அகலமாக்குவது என்று மூச்சு வாங்கவும் விடவும் வழி பெரிதாக்கினால் திறன் கணிசமாக ஏறும். நன்றாகக் கட்டிய ஆங்கிலியா கால் மைலைப் பத்துப் பதினோரு விநாடியில் கடந்தது; எல்லைக்கோட்டில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டது.

வேகம் வந்துவிட்டது. இனி ஓட்டுகிறவன் காலுக்குப் பக்கத்தில் என்ன சுழல்கிறது என்பதைப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்திற்கு 7,000 சுற்றுச் சுற்றும்போது, 12 அங்குல விட்டமுள்ள பறக்கும் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வார்ப்பிரும்பில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும். சக்கரம் துண்டு துண்டாக வெடித்து, தரைத் தகட்டைக் காகிதம்போல் கிழித்துக்கொண்டு வரும். அதனால்தான் கிளட்சைச் சுற்றி அசல் வார்ப்பு மூடிக்குப் பதிலாகத் தடித்த உருக்குக் கவசம் பூட்ட வேண்டும் என்கிறார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. புளோரிடாவைச் சேர்ந்த டான் கார்லிட்ஸ் சொந்தக் கையால் பந்தயக் காடிகள் கட்டியவர். 1964-இல் கால் மைலில் மணிக்கு 200 மைலைத் தாண்டியவர். 1970 மார்ச் 8-ஆம் நாள் கலிபோர்னியாவின் லயன்ஸ் தடத்தில் அவருடைய காடியின் கியர்ப்பெட்டி புறப்பட்ட கணமே வெடித்தது. காடி இரண்டாகப் பிளந்தது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவரும் படுகாயமடைந்தார். அதுவரை அவ்வகைக் காடிகளில் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் முன்னால் இருக்க, ஓட்டுநர் அவற்றின் பின்னால் கால்களை நீட்டி உட்கார்ந்திருப்பார். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி கார்லிட்ஸ் அந்த அமைப்பைத் திருப்பிப் போட்டார்: ஓட்டுநர் முன்னால், எஞ்சின் பின்னால். இதற்கு முன்னும் சிலர் முயன்று தோற்ற வழிதான் அது. 1971-இல் அவர் அந்தக் காடியோடு வந்து வென்றார். சில ஆண்டுகளுக்குள் அவ்வகைக் காடிகள் எல்லாமே அப்படி மாறின. ஒரு மனிதனுக்கு அரைப் பாதம் போனதால் எத்தனையோ பேருக்குக் கால் தப்பியது.

ஆங்கிலியா போன்ற கூடுள்ள காடியில் எஞ்சினைப் பின்னால் தள்ளிவிட முடியாது. ஆகவே கவசம்தான் துணை. நம் நாட்டில் மோட்டார் சைக்கிளின் புகைபோக்கியை அறுத்துவிட்டு, இரவில் பொதுச் சாலையில் நண்பனோடு பந்தயம் விடும் பையன்களை நாம் அறிவோம். அனுமதியின்றிச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பையன் வேகத்தை மட்டும்தான் கட்டியிருக்கிறான். மற்றதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கலிபோர்னியா இளைஞர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள்.

அவர்களுடைய தடத்தில் ஓட வேண்டுமானால் முதலில் பரிசோதகரைத் தாண்ட வேண்டும். அவர் காடிக்கு அடியில் விளக்கோடு குனிவார். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீண்ட தண்டின் முன்மூட்டு ஒடிந்தால், அதன் முனை தரையில் குத்தி, கோலூன்றித் தாண்டுகிறவனைப் போல் காடியையே தூக்கி எறிந்துவிடும். அதைத் தாங்கிப் பிடிக்க முன்மூட்டின் அருகே ஓர் இரும்பு வளையம் வேண்டும். கால் அங்குலத் தடிப்பு, இரண்டு அங்குல அகலம். பின்பெட்டியில் பாட்டரி வைத்திருந்தால், வெளியிலிருந்தே மின்சாரத்தை நிறுத்தும் விசை காடியின் பின்புறம் இருக்க வேண்டும். விபத்தில் ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் ஓடி வருகிறவர் கையை நீட்டி அணைக்கலாம். 11.49 விநாடியிலோ அதற்கும் குறைவாகவோ ஓடும் காடிக்குத் தலைக்கு மேல் உருக்குக் குழாய் வளைவு இன்றைய விதிப்படி கட்டாயம். பிரேக்கை மிதித்துப் பார்ப்பார், சக்கரத் திருகாணியை எண்ணுவார், இருக்கைப் பட்டையை இழுத்துப் பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் ஆறு மாதம் உழைத்துக் கட்டிய காடி வந்த வழியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அடுத்த வாரம் வளையத்தைப் பூட்டிக்கொண்டு மறுபடியும் வரிசையில் நிற்கலாம்.