முடியாத வானம்

டேமர் என்றொரு நிலவு உண்டு. ஆரம் ஏறக்குறைய 295 கிலோமீட்டர். எந்தத் தொலைநோக்கியிலும் அது தெரியாது, ஏனென்றால் ஸ்டார் சிட்டிசன் என்ற கம்ப்யூட்டர் கேமுக்குள் மட்டுமே அது இருக்கிறது. அதன் மணல்மேடுகளில் வண்டி ஓட்டலாம். ஓட்டியது போதும் என்று தோன்றினால் வண்டியை விண்கலத்துக்குள் ஏற்றிக் கதவை மூடிவிட்டு மேலே எழும்பலாம். திரை ஒரு கணமும் கறுக்காது. காலடியில் இருந்த நிலம் மெல்ல வளைந்து உருண்டையாகும். கலம் பறந்துகொண்டிருக்கும்போதே விமானி இருக்கையை விட்டு எழுந்து, பின்பக்கம் போய் வண்டி பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம்.

முதல்முறை இதைச் செய்தவர்கள் பலருக்கும், தாங்கள் கொடுத்த பணம் வீண்போகவில்லை என்ற நம்பிக்கை அந்தப் பயணத்தில்தான் பிறந்தது. அதே பயணத்தில் மென்பொருள் கோளாறால் லிஃப்டின் தரையைப் பிய்த்துக்கொண்டு வெட்டவெளியில் விழுந்தவர்களும் உண்டு. இந்த கேமைக் கட்டுவது என்றைக்காவது முடியுமா என்ற கேள்வி அங்கே பிறந்தது. நம்பிக்கையும் சந்தேகமும் பெரும்பாலும் ஒரே ஆளின் மனத்தில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் சந்தேகங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. சில கணிதத்தால் தீரும். சில இயற்பியலின் சுவரில் முட்டி நிற்கும். மிச்சமிருப்பவை முழுக்க முழுக்க மனிதர்களைப் பற்றியவை.

2012 அக்டோபரில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கிறிஸ் ராபர்ட்ஸ் இந்தக் கேமை அறிவித்தார். 1990இல் விங் கமாண்டர் மூலம் விண்வெளிச் சண்டை கேம்களுக்குப் புது முகம் கொடுத்தவர் அவர். கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் கேட்ட தொகை 5 லட்சம் டாலர். அங்கே கிடைத்தது 21 லட்சத்துக்கும் மேல். சொந்தத் தளத்தில் வந்ததையும் சேர்த்தால் நவம்பர் முடிவில் 62 லட்சம். 2014 நவம்பரில் கேம் வெளிவரும் என்றார்கள். 2024இல் திரண்ட தொகை 70 கோடி டாலரைத் தாண்டியது. கேம் அப்போதும் ஆல்ஃபா நிலையில்தான், அதாவது கட்டி முடிக்காத நிலையில்தான் இருந்தது.

முதலில் கணிதத்துக்கு வருவோம். மிக அழகான பகுதி அதுதான்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்பவை எண்கள். வழக்கமாக கேம்கள் இதற்கு 32 பிட் எண்களைப் பயன்படுத்துகின்றன. இவற்றில் நம்பகமாகக் கிடைப்பவை ஏறக்குறைய ஏழு இலக்கங்கள். எண் பெரிதாகப் பெரிதாக அந்த ஏழு இலக்கங்களும் முன்பக்கத்திலேயே செலவாகிவிடும். நுட்பமான அளவுகளுக்கு இடம் மிஞ்சாது. தொடக்கப் புள்ளியிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒருவரின் இடத்தை 0.06 மில்லிமீட்டர் துல்லியத்தில் சொல்ல முடியும். 10,000 கிலோமீட்டர் தள்ளிப் போனால் துல்லியம் 1 மீட்டருக்குச் சரிந்துவிடும். அங்கே ஒருவர் மீட்டர் மீட்டராகத் தாவத்தான் முடியும், நடக்க முடியாது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் நின்றாலோ, அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே 16 கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளி. ஒரு நகரமே அதில் காணாமல் போகும்.

ஸ்டார் சிட்டிசன் குழு தேர்ந்தெடுத்த கிரைஎஞ்சின் என்ற மென்பொருள் காடுகளிலும் தீவுகளிலும் நடக்கும் துப்பாக்கிச் சண்டைகளுக்காக உருவானது. சில கிலோமீட்டர் பரப்பு அதற்குப் போதும். ஒரு சூரியக் குடும்பத்தை அதற்குள் அடைக்க, இடத்தைக் குறிக்கும் எண்களை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். இப்போது அதே 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் துல்லியம் எவ்வளவு தெரியுமா? 0.03 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு! எண்ணின் நீளத்தை இரண்டு மடங்காக்கியதும் துல்லியம் ஐம்பது கோடி மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. படத்தை வரையும் கிராஃபிக்ஸ் சில்லுகள் 32 பிட் எண்களில்தான் வேகமாக ஓடும். அதனால் பெரிய கணக்கை 64 பிட்டில் வைத்துக்கொண்டு, வரையும் தருணத்தில் மட்டும் எல்லாப் பொருட்களின் இடத்திலிருந்தும் பார்ப்பவரின் இடத்தைக் கழித்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவை சிறிய எண்களாகி, துல்லியமாகத் தெரியும். தொலைவில் இருப்பவை சற்றுப் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது.

பறக்கும் கலத்துக்குள் நடப்பது இதைவிடப் பழைய சிந்தனையில் நிற்கிறது. சீராக ஓடும் கப்பலின் கீழ்த்தளத்தில் அடைபட்டவருக்கு, கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது என்று 1632இல் எழுதினார் கலிலியோ. அந்தச் சிந்தனையை இங்கே இன்னும் ஒரு படி நீட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கலத்துக்கும் உள்ளே தனி ஆயத்தளம் ஒன்று உண்டு. உள்ளே நடப்பவரின் இடம் கலத்தை வைத்து அளக்கப்படுகிறது, வெளியே இருக்கும் விண்வெளியை வைத்து அல்ல. கலம் கரணம் அடித்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தரை தரையாகவே இருக்கும். இவ்வளவு பெரிய உலகம் ஒன்றாக நிற்காது என்று 2012இல் சொன்னவர்களுக்கு இந்த வேலைகள் பதில் சொல்லிவிட்டன.

வானத்தைக் கட்டுவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எலைட் என்ற கேமை உருவாக்கினார்கள். அது ஓடிய பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். அவற்றில் எதையுமே அவர்கள் சேமித்து வைக்கவில்லை. மூன்று எண்களை எடுத்து, குறிப்பிட்ட விதியின்படி கூட்டிக்கொண்டே போனால் அடுத்தடுத்து எண்கள் விழும். அவற்றிலிருந்து ஒவ்வோர் உலகத்தின் பெயரும் இடமும் பொருளாதாரமும் பிறக்கும். தொடக்க எண்கள் மாறாதவரை அதே உலகம் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். ஒரு பிரபஞ்சத்தை ஒரு விதியாகச் சுருக்க முடியும் என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

ஸ்டார் சிட்டிசன் பணம் திரட்டிய அதே 2012 நவம்பரில் பிரேபனும் கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தார். எலைட் டேஞ்சரஸ் என்ற அந்த கேம் கேட்டது 12.5 லட்சம் பவுண்ட், பெற்றது 15.78 லட்சம். 2014 டிசம்பரில் வெளிவந்தும் விட்டது. அதில் இருப்பவை 40,000 கோடி விண்மீன் அமைப்புகள். விண்மீன் பட்டியல்களில் உள்ள உண்மையான விண்மீன்களைப் பொருத்திவிட்டு, மிச்சத்தை வானியல் விதிகளின்படி கம்ப்யூட்டரே நிரப்பியது. 2017 பிப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 என்ற மங்கலான விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதை நாசா அறிவித்தபோது, கேமுக்குள் ஏறக்குறைய அதே தொலைவில் ஏழு கோள்களோடு ஓர் அமைப்பு ஏற்கெனவே இருந்தது. யாரும் கையால் வைத்ததல்ல. பெயரை மாற்றி, விவரங்களைத் திருத்தினால் போதும் என்றாகிவிட்டது.

எலைட் டேஞ்சரஸும் ஏமாற்றம் தராமல் இல்லை. இணையம் இல்லாமல் ஆடும் வசதி கிடையாது என்று வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு அறிவித்தார்கள்; அதை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஆனாலும் அந்தக் குழுவுக்கு எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

ஸ்டார் சிட்டிசனின் கடினமான பிரச்சினை கோள்களில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. 50 பேர் ஓரிடத்தில் கூடினால் ஒருவரை ஒருவர் பாதிக்கக்கூடிய இணைகள் 1,225. 1,000 பேர் கூடினால் 4,99,500. ஆள் இருபது மடங்கு, வேலை நானூறு மடங்கு. இதையெல்லாம் ஒரு சர்வர் நொடிக்கு முப்பது முறை கணக்கிட வேண்டும் என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் கிடைப்பது 33 மில்லிநொடி. அதைத் தாண்டினால் லிஃப்ட் வராது, கதவு திறக்காது, எதிரிகள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். இத்தனை ஆண்டுகளாக ஆடுபவர்கள் அலுத்துக்கொண்ட கோளாறுகளில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான்.

இதற்குச் சொல்லப்பட்ட தீர்வு சர்வர் மெஷிங். விண்வெளியைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு சர்வரிடம் கொடுப்பது. சொல்வது எளிது. ஒரு சர்வரின் எல்லையில் சுட்ட குண்டு அடுத்த சர்வரின் எல்லைக்குள் பாய்கிறது. அது பட்டதா இல்லையா என்று யார் தீர்ப்புச் சொல்வது? அந்த உரிமை நடுவழியில் கைமாற வேண்டும், ஆடுபவருக்குத் தெரியாமல். அதற்காக உலகத்தின் நினைவைச் சர்வர்களிடமிருந்து பிரித்துத் தனி அடுக்காக வைத்தார்கள். 2023 மார்ச்சில் 3.18 பதிப்பில், கீழே போட்ட தண்ணீர் பாட்டில்கூடப் போட்ட இடத்திலேயே கிடக்கும் வசதி வந்தது. ஆனால் அந்தப் பதிப்பு வந்ததும் பலரால் பல நாட்கள் கேமுக்கு உள்ளேயே நுழைய முடியவில்லை. 2024 டிசம்பரில் 4.0 முன்னோட்டப் பதிப்பில் மெஷிங் எல்லோர் கைக்கும் எட்டியது. நூறு பேர் அளவில் நின்றிருந்த கூட்டம் பல நூறாக உயர்ந்தது. பைரோ என்ற இரண்டாவது விண்மீன் அமைப்பும் அதோடு திறந்தது. எல்லைகள் அப்போது நிலையானவை. கூட்டம் சேரும் இடத்தைப் பார்த்துத் தாமாகவே மாறும் எல்லைகள் அடுத்த கட்டம். அதைப் பார்க்கும்வரை சந்தேகப்படுவதில் தவறில்லை.

உலகத்தார் எல்லோரும் ஒரே வானத்தில் ஆட வேண்டும் என்ற ஆசையை மட்டும் எந்த நிரலாளராலும் முழுதாக நிறைவேற்ற முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சிட்னிக்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 16,500 கிலோமீட்டர். போய்த் திரும்ப 165 மில்லிநொடி. அதற்குள் சர்வரின் ஐந்து சுற்றுகள் முடிந்துவிடும். எதிரி அடுத்து எங்கே இருப்பார் என்று உங்கள் கம்ப்யூட்டர் ஊகித்து வரைந்து சமாளிக்கலாம். ஊகம் தவறும்போது எதிரியின் கலம் இருந்த இடத்திலிருந்து சட்டென்று வேறிடத்துக்குத் தாவும். கோடிகளைக் கொட்டினாலும் ஒளி வேகமாக ஓடாது.

மிச்சமிருப்பது பணமும் மனமும். நிதி திரட்டியபோது, தொகை ஏற ஏற புதிய வாக்குறுதிகள் சேர்ந்துகொண்டே போயின. 60 லட்சம் டாலரைத் தொட்டால் 100 விண்மீன் அமைப்புகள் என்றார்கள். இன்னும் வடிவமைப்பில் மட்டுமே இருக்கும் விண்கலங்களையும் விற்றார்கள். 2018இல் ஏறக்குறைய எல்லாக் கலங்களும் அடங்கிய தொகுப்பின் விலை சுமார் 27,000 டாலர். வழக்கமான கேம் நிறுவனத்துக்குப் பின்னால் ஒரு பதிப்பாளர் நின்று, பணம் தீர்ந்துவிட்டது, முடியுங்கள் என்று சொல்வார். ராபர்ட்ஸின் முந்தைய கனவான ஃப்ரீலான்சர் அப்படித்தான் முடிந்தது. அவருடைய நிறுவனத்தை 2000இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, அவர் விலகினார், சில அம்சங்கள் குறைக்கப்பட்டு 2003இல் கேம் வெளிவந்தது. ஸ்டார் சிட்டிசனில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. வேலை முடியாதவரை பணம் வந்துகொண்டே இருந்தது. பணம் வந்துகொண்டே இருந்ததால் வேலையும் விரிந்துகொண்டே போனது. ஆடுபவர்களின் சந்தேகங்களிலேயே கனமானது இதுதான் என்பேன். இதற்கு 64 பிட் விடை கிடையாது.

2024 அக்டோபரில் நிறுவனம் ஒரு கோடு போட்டது. தனியாக ஆடும் கதைப்பகுதியான ஸ்குவாட்ரன் 42க்கு 2026 என்று ஆண்டு குறித்தார்கள். முழுமையான 1.0 பதிப்பில் ஸ்டான்டன், பைரோ, நிக்ஸ், காஸ்ட்ரா, டெர்ரா என ஐந்து அமைப்புகள் இருக்கும் என்றார்கள். நூறு எங்கே ஐந்து எங்கே என்று பலர் கசந்துகொண்டார்கள். அந்தக் கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தத் திட்டத்திலிருந்து வந்த சேதிகளில், நம்பிக்கை வைக்கத் தகுந்ததாக எனக்குப் பட்டது அந்த ஐந்துதான்.