மனப் புண்ணுக்கும் நிவாரணம் வேண்டும்

வெள்ளம் வடிந்தபின் வீட்டைக் கழுவுகிறோம். இடிந்த சுவரை எழுப்புகிறோம். மனத்தில் தேங்கி நின்ற வெள்ளத்தை வடிக்க என்ன செய்கிறோம்? 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டைப் பாலத்தை மூழ்கடித்ததை நந்தனம்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அரிசியும் பணமும் நிவாரணமாக வழங்கப்பட்டன. மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு பதறுகிறவனை நிவாரணக் கணக்கில் சேர்ப்பது மட்டும் நமது வழக்கமாக இல்லை.

இந்தப் பதற்றம் கோழைத்தனமன்று, பைத்தியமுமன்று. பேராபத்தைக் கண்ட மனம், ஆபத்து நீங்கிய பின்னும் காவல் காக்கிறது. கெட்ட கனவு, தூக்கமின்மை, திடுக்கிடுதல், சம்பவம் நடந்த இடத்தை அணுக அஞ்சுதல் யாவும் அதன் அடையாளங்கள். பலரைக் கூட்டி உட்கார்த்தி இதை விளக்கினால், "எனக்கு மட்டுமல்ல" என்ற ஆறுதல் ஒவ்வொருவருக்கும் பிறக்கும். பதற்றத்தைத் தணிக்கும் மூச்சுப் பயிற்சியையும், வைத்தியரை எப்போது நாட வேண்டுமென்பதையும் அங்கேயே கற்பிக்கலாம்.

இது ஆகாத காரியமன்று. யுத்தத்தால் சிதைந்த யாழ்ப்பாணத்தில் மனவைத்தியர் தயா சோமசுந்தரம் 1993-ல் 'மனவடு' என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். ஆசிரியர்களும் கிராம ஊழியர்களும் அங்கே பயிற்றப்பட்டனர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்ட 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பின், சென்னையில் 1986-ல் தோன்றிய 'ஸ்நேகா' ஸ்தாபனத்தின் தொண்டர்கள், உறவினரை இழந்தோருக்குத் துணை நின்றனர். அவர்கள் வைத்தியர்களல்லர், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களே.

ஓர் எச்சரிக்கை. வகுப்பு விசாரணை மன்றமாகிவிடக் கூடாது. நடந்ததை உடனே சொல்லும்படி பாதிக்கப்பட்டோரை வற்புறுத்தும் முறை பயனற்றதென்று உலக சுகாதார ஸ்தாபனம் அதை விலக்கிவிட்டது. பேச விரும்புகிறவன் பேசட்டும். மௌனமாயிருப்பவனுக்கும் அங்கே இடமிருக்கட்டும்.

வைத்தியர் தொகை போதாதென்று சர்க்கார் சாக்குச் சொல்லலாகாது. மனநலச் சிகிச்சை பெறுவது பிரஜையின் உரிமையென்று 2017-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 18-வது பிரிவு கூறுகிறது. உரிமையைப் பிச்சையாகக் கேட்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன், ஆற்றங்கரைப் பேட்டைகளின் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் இந்தப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். வீடுதோறும் சென்று வோட்டுக் கேட்கத் தெரிந்த நமது தேச ஊழியர்கள், வீடுதோறும் சென்று துயரம் கேட்கவும் கற்றுக்கொள்வார்களாக.