ரத்தப் பரிசோதனை சொல்லாதது

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஆறிவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தைப் பார்த்து அப்பா முகம் சுளித்தார் என்றீர்களே, அது நியாயம்தான். ‘களைப்பாக இருந்ததா, தூக்கம் வந்ததா, பணக் கஷ்டம் உண்டா’ என்று முப்பது கேள்வி. ரத்தத்தை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

அப்பாவுக்கு வந்திருப்பது சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய். ஒரு காலத்தில் சில வருடங்களில் ஆளைக் கொண்டுபோன நோய் அது. 2001இல் இமாடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு நிலைமை மாறியது. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு பல வருடம் வாழ முடிகிறது. பரிசோதனையில் புற்றணுக்களின் அளவு இறங்கினால் டாக்டருக்கு நிம்மதி. ஆனால் ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும், காலையில் கண்ணைச் சுற்றி வீங்கியிருப்பதும், மத்தியானமே உடம்பு துவண்டுபோவதும் அந்த ரிப்போர்ட்டில் வராது. அதை அனுபவிப்பவர் வாய் திறந்தால்தான் உண்டு.

இத்தாலியில் இந்த மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிட்டு வந்த 448 பேரிடம் கேட்டார்கள். 2011இல் முடிவு வெளியானது. நோய் கட்டுக்குள் இருந்தவர்கள்தான். ஆனாலும் 82 சதவீதம் பேர் சோர்வு என்றார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களின் வாழ்க்கைத்தரம் அதே வயதுள்ள மற்றவர்களுடையதை ஒட்டியே இருந்தது. நாற்பதைத் தொடாதவர்கள்தான் தங்கள் வயதுக்காரர்களைவிட மிகவும் பின்தங்கியிருந்தார்கள். சின்ன வயது, தாங்கிக்கொள்வார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? வேலைக்கு ஓடி, குழந்தையைத் தூக்கி, வீட்டையும் பார்க்க வேண்டிய வயதில் சோர்வு எவ்வளவு பெரிய பாரம் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

சோர்வுதானே என்று விடவும் முடியாது. பக்கவிளைவு தாளாமல் சிலர் அவ்வப்போது மாத்திரையை விட்டுவிடுவார்கள். டாக்டரிடம் சொல்லவும் மாட்டார்கள். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 பேரின் மாத்திரைப் புட்டி மூடியில் சின்ன எலக்ட்ரானிக் கருவியை வைத்து, எப்போது திறக்கிறார்கள் என்று மூன்று மாதம் கணக்கெடுத்தார்கள். கால்வாசிப் பேர் பத்து மாத்திரைக்கு ஒன்று அல்லது அதற்கு மேல் தவறவிட்டிருந்தார்கள். ஆறு வருடத்தில் நோய் நன்றாக அடங்குவதற்கான வாய்ப்பு, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு 95 சதவீதம், தவறவிட்டவர்களுக்கு 28 சதவீதம். வலியை மறைப்பது எங்கே கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்.

அப்பா கையில் இருப்பது ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஒன்று உருவாக்கி, 1993இல் வெளியிட்ட படிவம். தமிழிலும் இருக்கிறது. ‘இல்லவே இல்லை’ என்றால் ஒன்று, ‘மிக அதிகம்’ என்றால் நான்கு. அசதியை மட்டும் மூன்று விதமாகக் கேட்பார்கள்: ஓய்வு தேவைப்பட்டதா, பலவீனமாக உணர்ந்தீர்களா, களைப்பாக இருந்தீர்களா என்று. கேட்டதையே கேட்கிறார்களே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடுகிற மனிதர் அடுத்த கேள்வியில் உண்மையைச் சொல்லிவிடுவார்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பேனா அப்பா கையில் இருக்கட்டும். எழுத்து தெரியவில்லையென்றால் வாசித்துக் காட்டுங்கள், பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளை லீவு போட்டு வந்திருக்கிறானே என்று அவர் ஒன்றுக்கு மேல் போடத் தயங்குவார். கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்துகொள்வது நல்லது. இது ஆராய்ச்சிக்கா சிகிச்சைக்கா என்று நர்ஸிடம் கேட்டுவிடுங்கள். ஆராய்ச்சிக்கென்றால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, வைத்தியம் பாதிக்காது. சிகிச்சைக்கென்றால் மூன்று, நான்கு போட்ட இடங்களை டாக்டரிடம் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை மாற்றவோ வேறு மாத்திரை தரவோ அவரால் முடியும். வீட்டிலேயே குறைத்துக்கொள்ளக் கூடாது. காய்ச்சலோ ரத்தக்கசிவோ வந்தால் படிவத்தில் எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்படிப்பட்ட கணக்கெடுப்புகளில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எழுத முடியாத அளவுக்கு நொந்துபோனவர்கள் படிவம் நிரப்புவதில்லை. அதனால் தாளில் தெரிகிற வேதனையைவிட உண்மையான வேதனை அதிகமாகவே இருக்கும். அப்பாவால் இன்று எழுத முடிகிறது. கடைசி இரண்டு கேள்விகளுக்கு மட்டும் ஏழு வரை மதிப்பெண் உண்டு, மொத்த உடல்நலத்துக்கு ஒன்று, மொத்த வாழ்க்கைத்தரத்துக்கு ஒன்று. அந்த இரண்டையும் அவசரப்படாமல் யோசித்துப் போடச் சொல்லுங்கள்.